ஆட்டைப் புகழ்வோரிடம் ஒரு கேள்வி

களையழிக்க நஞ்சும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், ஆட்டு மந்தையொன்று போதும் என்ற குரல் மேல்நாடுகளில் ஓங்கி ஒலிக்கின்றது. 2009 ஆம் ஆண்டில் கூகுள் கம்பனி கலிபோர்னியாவிலுள்ள தன் வளாகத்திற் புல்லையும் பற்றையையும் குறைக்க ஏறத்தாழ 200 ஆடுகளை வாடகைக்கு அமர்த்தியது. அச்செய்தி புன்னகையோடு உலகெங்கும் பேசப்பட்டது.

இம்முறையின் நன்மையை மறுப்பது நமது நோக்கமன்று. மனிதர் கால்வைக்கத் தயங்கும் சரிவுகளில் ஆடு ஏறும். மாடு புல்லையே பெரிதும் நாடும். ஆடோ முட்செடியின் தளிரையும் பற்றையின் இலையையும் விரும்பும். தொட்டவர் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் நச்சுக்கொடியையும் அது தீங்கின்றித் தின்னும். காட்டுத்தீயால் அல்லலுறும் கலிபோர்னியாவில், தீக்கு இரையாகக்கூடிய புதரை மந்தைகள் முன்கூட்டியே தின்று தீர்ப்பது மெய்யாகவே பெரும்பணி.

ஆனால் ஆட்டைப் புகழ்வோர் ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றனர். மந்தை தானாக வேலை செய்வதில்லை. ஒரே இடத்தில் விட்டுவைத்தால் அது களையோடு நில்லாது, நல்ல மரத்தின் பட்டையையும் உரித்துவிடும். மண் வெறுமையாகி மழையில் அரிக்கப்படும். எத்தனை நாள் மேயவிடுவது, வேலியை எப்போது பெயர்ப்பது, மந்தையை எங்கே கொண்டு செல்வது என்பனவற்றை அறிந்தவன் மேய்ப்பன். ஆட்டின் உழைப்பென்று நாம் வியப்பதிற் பெரும்பங்கு அவனுடையது.

அவனுடைய நிலை யாது? கலிபோர்னியாவின் ஆட்டு மேய்ப்பரிற் பலர் பெரு நாட்டிலிருந்து தற்காலிக அனுமதியின்பேரில் வந்தவர்கள். ஏறத்தாழ 400 ஆடுகளுக்கு ஒருவர். முதலாளி கொடுக்கும் வண்டிவீட்டிலே வாசம்; 24 மணிநேரமும், வாரத்தில் 7 நாளும், மந்தை அழைத்தால் எழவேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய வெளிநாட்டு மேய்ப்பரின் சம்பளம் நெடுங்காலமாக மாதம் 750 டொலரிலேயே கிடந்தது. 2015 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே அதனைப் படிப்படியாக உயர்த்த முற்பட்டது.

விவசாயத் தொழிலாளருக்கு மேலதிக நேரக் கூலியை விரிவாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2016 இல் இயற்றிற்று. மேய்ப்பனின் மணிநேரம் அனைத்தையும் அதன்படி கணக்கிட்டால், மாதச் சம்பளம் ஏறத்தாழ 14,000 டொலராகும், தொழிலே அழியும் என்று கம்பனிகள் ஓலமிட்டன. 2022 இலும் 2023 இலும் சட்டசபை அக்கணக்கைத் தள்ளிவைத்தது. அப்பெருந்தொகை மேய்ப்பனின் பேராசையையா காட்டுகின்றது? ஒரு மனிதனிடமிருந்து உரிய கூலியின்றி இதுவரை பெறப்பட்ட நேரம் எவ்வளவு என்பதையே அது காட்டுகின்றது.

ஆட்டின் வருகையாற் பாதிக்கப்படும் உள்ளூர்த் தொழிலாளியின் குரலுக்கு நேர்ந்ததையும் நோக்குவோம். 2017 இல் மேற்கு மிச்சிக்கன் பல்கலைக்கழகம் தன் வளாகத்துப் பற்றையை அகற்ற 20 ஆடுகளை அமர்த்தியது. நச்சுக்கொடி மண்டிய இடமென்பது நிர்வாகத்தின் விளக்கம். அங்கத்தவர் வேலையின்றி இருக்கையில் அவர்களுடைய வேலை ஆட்டுக்குப் போவதா என்று தொழிற்சங்கம் முறையீடு செய்தது. உடனே கேலிச் சிரிப்பு எழுந்தது. ஆட்டோடு போட்டியிடும் சங்கமென்று பலர் நகைத்தனர்.

நகைத்தவர்கள் சரித்திரத்தை மறந்தவர்கள். கம்பளி வாணிபத்தின் இலாபத்துக்காக நிலங்கள் வேலியடைக்கப்பட்டு, இங்கிலாந்தின் உழவர் விரட்டப்பட்டதை 1516 இலேயே தாமஸ் மோர் தமது ‘யுட்டோப்பியா’ நூலிற் கண்டித்தார். அன்று குற்றவாளி செம்மறியன்று, நிலப்பிரபுவின் பேராசையே. இன்றும் வெள்ளாட்டின்மீது நமக்குப் பகையில்லை. புதிய முறையொன்று வரும்போது அதன் பயனை யார் பெறுகின்றனர், அதன் சுமையை யார் தாங்குகின்றனர் என்று கேட்பதற்குத் தொழிலாளிக்குள்ள உரிமையே இங்குப் பிரச்சினை.

இதற்குப் பரிகாரம் ஆட்டை விரட்டுவதன்று. பற்றை வெட்டியவனுக்கே மந்தையை நடத்தும் பயிற்சி அளிக்கலாம். மேய்ப்பன் விழித்திருக்கும் இரவையும் வேலைநேரமாகக் கணக்கிடலாம். இன்னொருவன் மாற்றுக்கு வர, அவன் ஓய்வு பெறலாம். இவற்றாற் செலவு கூடுமென்பது மெய். அச்செலவு இப்போதும் இருக்கவே செய்கின்றது. பெருவிலிருந்து வந்த மேய்ப்பன் தன் உறக்கத்தாலும் குடும்பத்தைப் பிரிந்த தனிமையாலும் அதனைச் செலுத்துகிறான். நஞ்சில்லாத நிலத்தை விரும்பும் நல்லெண்ணம் படைத்தோரே, அக்கடனைத் தீர்க்க நீங்கள் ஆயத்தமா?