அந்தப் பிரசவப் பெட்டியைத் தூக்கிப் போடுங்க சாமி!

இன்னிக்குக் கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

எங்க கிளாஸ்ல 4 பேர் வீட்டுல கப்பி, மோலி வளர்க்கறோம். நாலு பேரும் பண்ணின தப்பு ஒண்ணுதான். மீனுக்கு வயிறு உப்பினா போதும், உடனே கடைக்கு ஓடி, தொட்டிக்குள்ள தொங்கவிடற அந்த பிளாஸ்டிக் பெட்டியை வாங்கிட்டு வந்து, சினை மீனை உள்ள அடைச்சிடறது. கேட்டா "குட்டிகளைக் காப்பாத்தறோம்"ங்கறாங்க. சரி, தாயை யார் காப்பாத்தறது?

என் கருப்பு மோலியை அப்படித்தான் 5 நாள் அடைச்சு வெச்சேன். திரும்பக்கூட இடமில்லை, சுவத்துல முட்டி முட்டி மூக்கு வெளுத்துப் போச்சு. கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் முடிச்சுட்டு வந்த அம்மா பார்த்துட்டு, "ஏண்டா, மாசமா இருக்கற சீவனை இப்படியா போட்டு வெப்பே?"ன்னாங்க. நான்தான் பெரிய விஞ்ஞானியாச்சே, கேக்கலை. ஆறாவது நாள் செத்த குட்டி சிலது, உயிரோட 6. மறுநாள் காலையில தாயும் போயிடுச்சு. பெட்டிதான் கொன்னுதுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா சினை மீன் மிரண்டா பிரசவத்தைத் தள்ளிப் போடும், இல்லைன்னா குறைமாசத்துல போட்டுடும். இது மீன் வளர்க்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

"வெளிய விட்டா பெத்ததையே தின்னுடுமே?"ன்னு கேப்பீங்க. தின்னும்தான். கப்பி ஒரு ஈத்துக்கு 20, 30 போடும், பெரிய மீன்னா இன்னும் கூட. அதுக்கு மருந்து பெட்டி இல்லீங்க, பாசி. கைநிறைய வேலம்பாசியைப் போடுங்க. குட்டிங்க பிறந்த உடனே தானா ஓடிப் போய் ஒளிஞ்சுக்கும்.

இன்னொண்ணு, கவனிப்புங்கறது கடைசி 2 நாள் சமாச்சாரம் இல்லை. சினை ஏறக்குறைய ஒரு மாசம். அந்த மாசம் பூராவும் ஆண் மீனுங்க துரத்திக்கிட்டே இருந்தா அது எப்ப மூச்சு விடும்? ஒரு ஆணுக்கு 2, 3 பெண்ணாவது இருக்கட்டும். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மூணு தடவையாப் போடுங்க.

தண்ணி விஷயத்துல நம்ம ஊர்ல நடக்கறது தனி காமெடி. "போர் தண்ணி உப்புங்க"ன்னு கேன் தண்ணியை வாங்கி ஊத்தறாங்க! கப்பிக்கும் மோலிக்கும் கடினத் தண்ணிதாங்க பிடிக்கும். மோலி கழிமுகத்துலயே வாழற ஜாதி. ஆனா சாயம் இறங்கின போர்னா கிட்டவே போகாதீங்க. 2011ல உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது சும்மா இல்லை. குழாய்த் தண்ணின்னா குளோரின் போற மாதிரி ஒரு நாள் திறந்து வெச்சு, வாரம் கால் தொட்டி மட்டும் மாத்துங்க.

கோவத்துக்கு முக்கியமான காரணத்தை இன்னும் சொல்லலை. பெட்டி போட்டு அத்தனை குட்டியையும் காப்பாத்தறீங்க, சரி. 3 மாசத்துல தொட்டி கொள்ளாது. அப்புறம்? ஒரு நண்பன் பக்கெட்டோட நஞ்சராயன் குளத்துக்குக் கிளம்பிட்டான், "புண்ணியமாப் போகும்"னு! அது 2024ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த பறவைகள் சரணாலயம். பெண் கப்பி ஒரு தடவை சேர்ந்தாலே விந்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல குட்டி போடும். அதனால ஒத்தை மீனை விட்டாலும் ஒரு கூட்டத்தையே விட்ட கணக்குதான். இதுக்குச் சொந்தக்காரன் கம்பூசியாவைக் கொசுவை ஒழிக்கறேன்னு 1928லயே கொண்டு வந்து ஊரெல்லாம் விட்டாங்க. அது நம்ம நாட்டு மீன் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னுது, கொசுவும் ஒழியலை.

சண்டை போட்டு அந்த பக்கெட்டைப் பிடுங்கி வெச்சிருக்கேன். உள்ள 40க்கு மேல இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, கவர்ல போட்டு காலேஜுக்கு எடுத்துட்டு வரேன். பெட்டி வெச்சிருக்கறவங்களுக்குக் கிடையாது.