மஞ்சள் பையும் 14 இலக்க எண்ணும்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் ஒரு மஞ்சள் பை இருக்கிறதா? ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையாக இருக்கும். மணமக்கள் பெயர் பாதி அழிந்திருக்கும். உள்ளே தேங்காயும் வெற்றிலையும் இருக்காது. தாத்தாவின் ரத்தப் பரிசோதனை முடிவு, பாட்டியின் எக்ஸ்ரே, அப்பாவின் இ.சி.ஜி., மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகக் கிறுக்கிய மருந்துச் சீட்டுகள், நடுவே எப்படியோ புகுந்துகொண்ட ஒரு மின்சாரக் கட்டண ரசீது! நம்மில் அநேகம் குடும்பங்களின் வைத்திய சரித்திரம் முழுவதும் இந்தப் பைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

பையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரம் என்று வரும்போது பை வீட்டில் இருக்கும். நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பார். அப்போது நடக்கும் சம்பாஷணை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?"

"காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, டாக்டர். ராத்திரி ஒரு ரோஸ்."

"எதற்காக?"

"அது... அந்தப் பழைய டாக்டருக்குத்தான் தெரியும்!"

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு, அது தெரியாமல் சில வகை வலி மாத்திரைகளைக் கொடுத்துவிட்டால் உள்ளே ரத்தக் கசிவு ஏற்படலாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்புக்குப் பென்சிலின் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயரில் விற்க, இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து விழுங்குகிறவர்களும் உண்டு. வெள்ளை, ரோஸ் என்கிற பதிலுக்குப் பின்னால் இவ்வளவு சமாசாரம் இருக்கிறது.

இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. மத்திய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற திட்டத்தை நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. அதில் சேருகிறவருக்கு 14 இலக்கம் கொண்ட 'ஆபா' எண் கிடைக்கும். ஆபா செயலியைச் செல்போனில் இறக்கிக்கொண்டால், திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளும் பரிசோதனைக்கூடங்களும் கொடுக்கிற முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் அதில் ஒரே இடத்தில் பார்க்கலாம். காசு கிடையாது. வரிசையில் நிற்கும் தொல்லையும் குறையும். 2022 அக்டோபரில் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். அங்கே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைச் செல்போனால் படம் பிடித்தால் போதும். பெயர், வயது, விலாசம் எல்லாம் தாமாகப் போய்ச் சேர்ந்து, டோக்கன் எண் வந்துவிடும். பின்னர் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் இது பரவியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆபா எண் வேறு, இன்ஷூரன்ஸ் அட்டை வேறு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் 2018-ல் வந்தது. அதற்கும் பெயர் ஆயுஷ்மான் பாரத் என்றே தொடங்குவதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆபா உங்கள் பில்லைக் கட்டாது. உங்கள் உடம்பின் கதையைச் சொல்லும், அவ்வளவுதான்.

அந்தக் கதையை யாராவது எழுதினால்தானே அது சொல்லும்? பல கோடிப் பேர் எண் வாங்கிவிட்டார்கள். ஆனால் எண்ணை வாங்கிப் பூட்டி வைப்பது, பாங்கியில் கணக்குத் திறந்துவிட்டு ஒரு காசும் போடாமல் இருப்பது மாதிரிதான். ஒரு கை தட்டினால் ஓசை எழும்புமா? நோயாளி ஒரு கை. டாக்டர் மறு கை.

முதலில் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஸார், உங்களுக்கு நேரமில்லை என்பது வாஸ்தவம். வாசலில் 40 பேர் காத்திருக்கும்போது கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் பழைய சீட்டு இல்லாமல் வருகிறவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பதற்கும், ஏற்கெனவே எடுத்த பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்லி அவர் முகம் வாடுவதைப் பார்ப்பதற்கும் நேரம் ஆகத்தானே செய்கிறது? ஆஸ்பத்திரிகளும் பரிசோதனைக்கூடங்களும் இதில் சேர்வதற்காகவே 2023-ல் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றைக்கூட அரசு தொடங்கியது. சுவரில் விளம்பரம் ஒட்டினால் மட்டும் யாரும் சேர மாட்டார்கள். சீட்டுப் பதிகிற பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். காத்திருக்கும் பெஞ்சிலேயே, ஒவ்வொருவராக, அவர் சொல்லித் தரட்டும். டாக்டர் வீட்டுப் பெஞ்சில் கேட்ட பேச்சை நம் ஜனங்கள் எளிதில் மறப்பதில்லை.

இனி உங்களுக்கு. "என் வியாதி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறிப்புகள் டில்லியில் ஒரே பெட்டியில் குவிக்கப்படுவதில்லை. அவை எந்த ஆஸ்பத்திரியில் உண்டாயினவோ அங்கேயே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் சம்மதம் கேட்கப்படும். எதைக் காட்டுவது, எவ்வளவு நாள் காட்டுவது என்பது உங்கள் இஷ்டம். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் நம் பக்கத்திலும் ஜாக்கிரதை வேண்டும். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை, "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன்" என்று தேன் ஒழுகப் பேசுகிற எவரிடமும் சொல்லாதீர்கள்.

பாட்டிக்குச் செல்போன் தெரியாதே என்றால், பேரனோ பேத்தியோ செய்து கொடுக்கட்டும். ஆனால் பாட்டியிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். உடம்பு அவருடையது. பிள்ளைக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கிற வியாதி ஒன்று இருந்தால், அதை மறைத்து வைக்க அவருக்குப் பாத்தியதை உண்டு.

செல்போனே வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தவும் கூடாது. இதில் சேர்வது அவரவர் விருப்பம். எண் இல்லையென்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பலாகாது. அப்படிப்பட்டவர், சாப்பிடுகிற மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக்கொண்டால் அதுவும் உயிர் காக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். எல்லாக் காகிதமும் வேண்டாம். இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, ஒத்துக்கொள்ளாத மருந்தைப் பற்றிய குறிப்பு, கடைசி ரத்தப் பரிசோதனை, கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது கொடுத்த சுருக்கம், இந்த நான்கையும் படம் பிடித்துச் செயலியில் ஏற்றிவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "இங்கே ஆபாவில் சேர்த்துத் தருவீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். அவர் இல்லை என்று சொன்னாலும் பாதகமில்லை. அன்றைக்கே இன்னும் பத்துப் பேர் அதையே கேட்டால், அடுத்த மாதம் அந்த டாக்டர் நிச்சயம் யோசிப்பார்!