கருவி காட்டுவது உலோகத்தை, இடத்தை அன்று

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்போர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கருவி எத்தனை அடி ஆழம் காட்டும் என்பதே. பெங்களூரின் மண் இதுவரை கொடுத்திருப்பதைப் பார்த்தால், கேள்வியே பிழையானது என்று தோன்றும்.

1891இல் யஷ்வந்தபுரத்தில் 163 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1965இல் எச்.ஏ.எல். பகுதியில் 256 கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் பெயர் தாங்கியவை. இரண்டுமே தற்செயல். தற்செயலைத் திட்டமிட முடியாது. ஆனால் அதற்கு வாய்ப்புள்ள இடத்தை ஓரளவு கணிக்கலாம். அந்தக் கணிப்புக்கான சான்றுகள் நூலகத்தில் இருக்கின்றன, கடையில் அல்ல.

பெங்களூரின் கல்வெட்டு ஆர்வலர்கள் செய்துகாட்டியது இதைத்தான். பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஊர்ப்பெயர்களை இன்றைய குடியிருப்புகளோடு பொருத்தி, முதியவர்களிடம் விசாரித்துத் தேடினார்கள். மிதிக் சொசைட்டி அக்கற்களை முப்பரிமாணப் படங்களாகப் பதிவு செய்து வருகிறது. இங்கே மொழியறிவு நேரடியாகப் பயன்படுகிறது. இன்றைய தொம்மலூர் கல்வெட்டில் தொம்பலூர். தேசிமாணிக்கப் பட்டணம் என்ற மறுபெயரும் அதற்கு உண்டு. பட்டணம் என்ற ஈறு வணிகர் நடமாட்டத்தைக் குறிக்கும். வணிகம் நடந்த இடத்தில் காசு சிந்தியிருக்கும். காடுகோடியிலுள்ள இராஜேந்திர சோழன் காலத் தமிழ்க் கல்வெட்டு பட்டந்தூரில் ஏரி அமைத்த செய்தியைச் சொல்கிறது. ஏரி எங்கே என்று தெரிந்தால் வயல் எது, குடியிருப்புக்கேற்ற மேட்டுநிலம் எது என்று ஊகிக்கலாம். எந்த விலையுயர்ந்த கருவியும் இந்த ஊகத்தைத் தராது.

கருவியின் எல்லையும் சிறியதே. பொதுப் பயன்பாட்டுக் கருவிகள் ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்துக்குச் சற்று மேலே வரையே தெளிவாக உணரும். பெங்களூர்ச் செம்மண்ணில் இரும்புக் கனிமம் மிகுதி, மண்ணே ஒலியெழுப்பும். மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்து, மழைக்குப்பின் ஈரநிலத்தில், ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு படியும்படி மெதுவாக நகர்த்துவதே பழகியோரின் முறை. நுட்பம் இவ்வளவுதான்.

நல்ல கண்டெடுப்பு என்பது எது? விலை போவதா, செய்தி சொல்வதா? கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் காசுகளை எண்ணிப் பார்க்கலாம். மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்களைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய அக்காசுகள் தமிழ் எழுத்து வரலாற்றுக்குக் கிடைத்த அரிய சான்றுகள். ஆனால் ஆற்று மணலுக்கு மண்ணடுக்கு கிடையாது. எனவே எழுத்தமைதியைக் கொண்டு காசின் காலத்தைக் கணிக்கிறோம். பிறகு அதே காசைக் காட்டி எழுத்தின் காலத்தைப் பேசுகிறோம். ஆற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுக்கு கலையாத ஓர் இடத்தில் கருவி ஒலித்தவுடன் தோண்டி எடுப்பவர், ஆறு செய்ததையே தம் கையால் செய்கிறார். கல்வெட்டின் அடியில் புதையல் இருக்கும் என்று நம்பிக் கல்லையே பெயர்த்தெறிவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் இதைத் தடுக்கிறதா? பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. புதையல் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதலே இந்தியச் சட்டம். கர்நாடகம் 1962இல் தனக்கெனவும் ஒன்று இயற்றிக்கொண்டது. ஆனால் தேய்ந்த செப்புக்காசை எடுத்துக்கொண்டு யார் அரசு அலுவலகம் போவார்? வழக்கு வருமோ என்ற அச்சத்தில் காசு பழைய இரும்புக்கடைக்கோ உருக்குலைக்கோ போய்விடும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், கண்டெடுத்தவர் பெரும்பாலும் பொருளைத் தாமே வைத்துக்கொண்டு கிடைத்த இடத்தை மட்டும் பதிவு செய்யலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியுள்ளன. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்வது அறியாமை. கோயில் சிலைக் களவைக் கண்ட நாடு இது. ஆனால் மெட்ரோவுக்கும் அடுக்குமாடிக்கும் நாள்தோறும் மண் தோண்டப்படும் நகரத்தில், ஒரு படத்தையும் அமைவிடத்தையும் அச்சமின்றிக் கொடுப்பதற்கு ஒரு பல்கலைக்கழகத் துறையாவது மேசை போட்டிருக்க வேண்டாமா? வரலாற்றுத் துறைகள் இதைத் தம் வேலையாகக் கருதாதது வியப்பே.

2018இல் ஹெப்பாளில் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது ஒரு கல் வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ஏறத்தாழ 750இல், கிட்டய்யா என்ற வீரனுக்காக நிறுத்தப்பட்ட நடுகல் அது. நகரின் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டும் அதுவே. ஊரார் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஹெப்பாளிலேயே மண்டபம் எழுப்பி அதை நிறுத்தியிருக்கிறார்கள்.