எந்த வீடு இறங்கும்?

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. கொல்கத்தா நகரில் பவ்பஜார் என்ற இடம். நகைக் கடைகளுக்குப் பெயர் போன பகுதி. சந்துகளில் பழைய வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும்.

அந்த வீடுகளுக்கு அடியில், மெட்ரோ ரெயிலுக்காக ராட்சத யந்திரம் ஒன்று சுரங்கம் துளைத்துக்கொண்டு இருந்தது. நிலத்தடி நீர் தேங்கிக் கிடந்த மண் அடுக்கில் அது மோதிவிட்டது. தண்ணீரும் சேறும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே பூமி இறங்கியது. சுவர்கள் வெடித்தன. சில வீடுகள் இடிந்தே போயின. நூற்றுக்கணக்கான பேர் வீட்டை விட்டு வெளியேறி ஓட்டல்களில் தங்க நேர்ந்தது.

இதில் ஒரு விசித்திரம். இதே ரெயில் பாதை ஊக்ளி ஆற்றுக்கு அடியிலும் போகிறது. சுமார் 520 மீட்டர் தூரம்! அந்த வேலை 2017-ம் ஆண்டிலேயே நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆற்றைக் கடந்தவர்கள் சந்தில் சிக்கிக்கொண்டார்கள்.

சுரங்கம் தோண்டினால் மேலே ஏன் பூமி இறங்குகிறது?

நெற்குதிரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அடியில் உள்ள துவாரத்தைத் திறந்து நெல்லை எடுத்தால், மேலே குழி விழும். சுரங்கமும் அப்படித்தான். எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும், தேவைக்கு மேல் கொஞ்சம் மண் வந்துவிடும். அந்த அளவுக்கு மேலே தரை தட்டுப் போலக் குழியும். நடுவில் ஆழம் அதிகம். ஓரத்தில் குறைவு.

இறங்குவது மட்டுமே ஆபத்து அல்ல. வீடு பூராவும் ஒரே சீராக இறங்கினால் சுவருக்குக் கேடு அதிகம் இல்லை. ஒரு மூலை இறங்கி, மறு மூலை இறங்காமல் நின்றால்தான் சுவர் கிழியும். ஆகவே, "எத்தனை மில்லி மீட்டர் இறங்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வீடு? அதன் அஸ்திவாரம் எப்படி? சுவர் எத்தனை பழையது? இதையும் கேட்க வேண்டும்.

இது முன்கூட்டியே கணக்கிட முடியாத காரியம் அல்ல. லண்டனில் 1990-களில், பிக் பென் மணிக்கூண்டுக்கு அருகே பாதாள ரெயில் நிலையம் தோண்டினார்கள். கோபுரம் சாயும் என்று நிபுணர்கள் கணக்கிட்டார்கள். அடியில் குழாய்களைச் செருகி, சாயச் சாய சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். அளவுக் கருவிகள் ஓயாமல் காவல் காத்தன. கோபுரம் தப்பியது. 1999-ல் ரெயிலும் ஓடியது.

மணிக்கூண்டுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு, சந்து வீட்டுக்கும் கிடைக்க வேண்டாமா?

மண்ணைச் சோதிக்க ஆங்காங்கே துளை போட்டுப் பார்ப்பது வழக்கம். இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை எந்தத் துளையும் சொல்லாது. மேலே வீடுகள் நெருங்கிய இடத்தில் துளைகளையும் நெருக்கமாகப் போட வேண்டும். செலவு ஆகும், நாளும் ஆகும். ஆகட்டுமே! பவ்பஜாரில் ஐகோர்ட்டு வேலையை நிறுத்தி வைத்தது. 2020 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022-ல் மே மாதமும் அக்டோபரிலும் மறுபடி விரிசல்! அந்தப் பகுதியில் ரெயில் ஓட 2025 ஆகஸ்டு ஆகிவிட்டது. மிச்சம் பிடித்த நாள் எங்கே?

தோண்டும் முன்பு ஒவ்வொரு வீட்டிலும் பழைய விரிசல்களைப் படம் எடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். யந்திரம் எந்த வாரம் அடியில் வரும் என்று அவருக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டும். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது ஒரு பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்து, பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.