தமிழில் நீட், வானவடியில் ஆங்கிலம்

புணேயின் வானவடியில் உள்ள ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியில் சேர நீட் மதிப்பெண் மட்டும் போதாது. அதன் அடிப்படையில் அழைக்கப்படுவோர், ஆங்கில அறிவையும் தர்க்கத் திறனையும் சோதிக்கும் கணினிவழித் தேர்வையும் நேர்காணலையும் எதிர்கொள்ள வேண்டும். 40 வினாக்கள், 30 நிமிடங்கள். வினாவுக்கு முக்கால் நிமிடம்.

நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். அப்படி எழுதி வானவடி வரை வந்துவிட்ட கிராமத்து மாணவிக்கு, கடிகாரத்துடன் போட்டியிட்டு ஆங்கிலப் பத்தியைப் படிப்பது அநேகமாகப் புது அனுபவம். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் இக்கல்லூரிக்குப் பொருந்தாது.

பல மாநில வீரர்களிடையே பணியாற்றப் போகும் மருத்துவருக்கு ஆங்கிலம் தேவை என்பதில் இரு கருத்தில்லை. ஆனால், அவருக்கு முதலில் வேண்டியது கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். கணினித் தேர்வு அளப்பதோ வாசிப்பு வேகத்தை. (நேர்காணலில் அது ஓரளவு தெரியவரும் என்பது வேறு விஷயம்.) சீனத்தின் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 150 மதிப்பெண்களில் 30 வழக்கமாகக் கேட்டல் திறனுக்கு. மதிப்பெண் இருப்பதால் பள்ளிகளும் அதைக் கற்பிக்கின்றன. தமிழகத்தின் பிளஸ் 2 ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. பள்ளியே வழங்கும் 10 மதிப்பெண்ணில் யாரும் பெரிதாக இழப்பதில்லை.

வானவடித் தேர்வில் கேட்டல் பகுதியைச் சேர்ப்பது பற்றியும், தமிழ்வழி மாணவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பது பற்றியும் பாதுகாப்பு அமைச்சரிடம் கேள்வி நேரத்தில் விளக்கம் கோரத் தமிழக எம்.பி.க்கள் முன்வர வேண்டும். மாநிலக் கல்வித் துறை அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த 10 மதிப்பெண் அதன் கையில்தான் இருக்கிறது.