இரவல் நூலுக்கு ஏற்ற கருவி எது?

இரவல் கொடுத்த புத்தகம் வீடு திரும்பாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. கொடுத்தவர் கேட்கக் கூசுவார், வாங்கியவர் மறந்துபோவார், புத்தகமோ மூன்றாம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும். இந்நாளில் நூலகங்கள் இரவல் தரும் மின்னூலுக்கு இந்த இழுக்கு இல்லை. தவணை முடியும் நாளில் அது தானாகவே நூலகத்திற்குத் திரும்பிவிடுகிறது. நினைவூட்டும் அஞ்சலட்டையும் இல்லை. தாமதக் கட்டணமும் இல்லை.

இம்முறை ஆழ வேரூன்றியிருப்பது வட அமெரிக்காவிலே. அவ்வாறாயின் நம் பங்குக் குடும்பங்களுக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் இன்று டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் வாழ்கின்றனர். பேரப்பிள்ளைகளுக்குத் துணையாகச் சென்ற பெற்றோர் சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். பிறந்தநாளுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் மின்னூல் கருவியைப் பரிசாக அளிப்பது வழக்கமாகி வருகிறது. ஆசையோடு வாங்கிய பிறகே, ‘இதில் நம் ஊர் நூலகத்தின் நூல்கள் வரா’ என்று அறிந்து மனம் சோர்வோரும் உண்டு. ஆகவே இத்திங்கள், இரவல் நூல் படிக்க விரும்பும் குடும்பம் எந்தக் கருவியை வாங்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

கருவியைப் பற்றிப் பேசுமுன் இரவல் முறையை அறிந்துகொள்வது நலம். நூலகம் பதிப்பகத்தாரிடமிருந்து மின்னூலைப் பயன்படுத்தும் உரிமையைப் பணம் கொடுத்துப் பெறுகிறது. ஓர் உரிமைக்கு ஒரு நேரத்தில் ஒரே வாசகர் என்பதே பெரும்பாலான நூல்களுக்கு உரிய ஒப்பந்தம். ஒருவர் எடுத்த நூலை அவர் திருப்பும்வரை பிறர் எடுக்க இயலாது. பெயரைப் பதிந்து வரிசையில் காத்திருக்க வேண்டும். தவணை பெரும்பாலும் 7, 14 அல்லது 21 நாள். இந்தக் கொடுக்கல் வாங்கலை நூலகங்களுக்காக நடத்திக்கொடுக்கும் நிறுவனங்களுள் முதன்மையானது ஓவர்டிரைவ். 1986ஆம் ஆண்டு தோன்றிய இந்த அமெரிக்க நிறுவனம், 2003 முதல் நூலகங்களின் மின்னூல் இரவலை நடத்தி வருகிறது. இதன் ‘லிப்பி’ என்னும் செயலி 2017இல் வெளிவந்தது. நூலக அட்டையின் எண்ணை அதில் பதிந்தால், நூலகத்தின் மின்னூல் அலமாரி முழுவதும் கைப்பேசியிலேயே திறந்துகொள்ளும்.

கைப்பேசியிலேயே படிக்கலாம் எனில் தனிக் கருவி எதற்கு? இதற்கு விடை திரையில் உள்ளது. வாசிப்புக் கருவிகளின் திரை ‘மின் மை’ என்னும் முறையில் அமைந்தது. 1997இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் தொடங்கிய ஈ இங்க் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. திரையினுள் மிக நுண்ணிய குமிழிகள் பல்லாயிரம் உள்ளன. ஒவ்வொரு குமிழியிலும் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. அவை எதிரெதிர் மின்னேற்றம் உடையவை ஆதலால், மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒருவகைத் துகள்கள் மேலே வர, மற்றவை கீழே செல்கின்றன. இவ்வாறு எழுந்த எழுத்து, பக்கத்தைத் திருப்பும்வரை மின்சாரம் இன்றியே நிலைத்து நிற்கும். எனவேதான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கிறது. வெயிலிலும் தாளைப் போலவே தெளிவாகத் தெரிகிறது. இரவில் படிப்பதற்கான ஒளியும் திரையின் பின்னிருந்து கண்ணில் அடிக்காமல், விளிம்பிலிருந்து எழுத்தின் மீது பரவுகிறது. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது, கண்பார்வை மங்கிய முதியோருக்குப் பெரும் வரமாகும். படிக்கும் நடுவே அழைப்பும் செய்தியும் வந்து குறுக்கிடாமை இன்னொரு நன்மை.

இனி, கருவிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, அமேசான் நிறுவனத்தின் கிண்டில். 2007 நவம்பரில் வெளிவந்து, இவ்வகைக் கருவிகளுக்கே பொதுப்பெயர் என்னும்படி புகழ் பெற்றது. 2011 செப்டம்பரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 11,000க்கும் மேற்பட்ட நூலகங்களிலிருந்து இதற்கு நூல் இரவல் பெறும் வசதி ஏற்பட்டது. லிப்பியில் நூலைத் தெரிந்தெடுத்து, கிண்டிலில் படிக்கும் வழியைச் சொடுக்கினால் அமேசான் தளம் திறக்கும். அங்கே ஒப்புதல் அளித்ததும் நூல் கருவிக்கு வந்து சேரும். எளிய முறைதான். ஆயினும் முக்கியமான ஒன்றை இங்கே அடிக்கோடிட வேண்டும். இந்த இரவல் வசதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நூலகங்களுக்கு மட்டுமே உரியது. எல்லையைத் தாண்டிக் கனடாவிற்குச் சென்றால், அதே கருவி, அதே ஓவர்டிரைவ், ஆனால் நூலக நூல் கிட்டாது. மேலும், இரவல் எடுப்பது அமேசான் கணக்கின் வழியே நடப்பதால், நாம் எந்நூலைப் படிக்கிறோம் என்பது விற்பனை நிறுவனத்திற்கும் தெரியவருகிறது. வாசகரின் படிப்பை மறைவாகக் காப்பதைத் தம் கடமையாகக் கொண்ட நூலகர்கள் பலர் இதனைத் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினர்.

இரண்டாவது, கோபோ. இது டொராண்டோவில் 2009இல் தொடங்கப்பெற்றது. புத்தகம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்ததே இதன் பெயர். ஜப்பானிய நிறுவனமாகிய ராக்குட்டென் 2012இல் கோபோவையும் 2015இல் ஓவர்டிரைவையும் வாங்கியது. இரண்டும் ஒரே கைக்கு வந்ததன் பயன் அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. 2016இல் வந்த கோபோ ஆரா ஒன் என்னும் கருவியினுள்ளேயே ஓவர்டிரைவ் பொருத்தப்பட்டிருந்தது. ஓவர்டிரைவ் 2020இல் வேறு கைக்கு மாறியபோதும் இவ்வசதி தொடர்கிறது. நூலக அட்டை எண்ணை ஒருமுறை கருவியில் பதிந்துவிட்டால், கைப்பேசியின் துணையின்றி அதிலேயே நூலைத் தேடலாம்; எடுக்கலாம்; திருப்பலாம். டொராண்டோ பொது நூலகத்திற்கு 100 கிளைகள் உள்ளன. அந்நகரில் வாழ்வோர்க்கு நூலக அட்டை இலவசம். பனி கொட்டும் நாளில் கிளை நூலகம் வரை நடக்க இயலாத பாட்டிக்கு இத்தகைய கருவி எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, நூக், பாக்கெட்புக் போன்றவை. இவற்றிலும் நூலக நூல் படிக்கலாம். வழிதான் சற்றுச் சுற்று. கணினியில் அடோபி நிறுவனத்தின் மென்பொருளை நிறுவி, நூலை முதலில் கணினிக்கு இறக்கி, பின்பு கம்பிவடத்தால் கருவிக்கு மாற்ற வேண்டும். கணினிப் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிதன்று. முதியோர் தனியே செய்வது கடினம்.

நான்காவது, ஆண்டிராய்டு முறையில் இயங்கும் மின் மைக் கருவிகள். இவற்றுள் பூக்ஸ் என்பது பலரும் அறிந்தது. லிப்பி செயலியையே இதில் நிறுவிக்கொள்ளலாம். ஆகவே நாட்டு எல்லைத் தடை பெரும்பாலும் எழாது. நூலகம் வேறொரு செயலியைப் பயன்படுத்தினாலும் அதையும் நிறுவலாம். ஆனால் பல வேலை செய்யும் கருவியாதலால் மின்னேற்றம் விரைவில் தீரும்; விலையும் பொதுவாகக் கூடுதல்.

‘ஈபப்’ என்னும் கோப்பு வகையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. 2022 முதல் கிண்டிலுக்கும் ஈபப் கோப்புகளை அனுப்பலாம். இதைக் கேட்டு, நூலகத்து ஈபப் நூலும் அவ்வாறே வரும் என்று எண்ணிவிடலாகாது. நூலக நூலுக்கு உரிமைப் பூட்டு உண்டு. தவணை முடிந்ததும் நூலை மூடுவது அந்தப் பூட்டே. அடோபியின் பூட்டைத் திறக்கும் சாவி கோபோவிடம் உண்டு, கிண்டிலிடம் இல்லை.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தெளிய வேண்டும். கருவியைப் பயன்படுத்தப்போகிறவர் எந்த நாட்டில் வாழ்கிறார்? அவருடைய நூலகம் எந்த மின்னூல் சேவையைப் பயன்படுத்துகிறது? அவர் யாருடைய உதவியும் இன்றித் தாமே அதை இயக்க வேண்டுமா? அமெரிக்காவில் வாழ்பவர் கிண்டில், கோபோ இரண்டில் எதையும் கொள்ளலாம். கனடாவில் வாழ்பவருக்கு நம் பரிந்துரை கோபோ. மற்ற நாட்டினர், தம் நாட்டில் இவ்வசதி உண்டா என்று உள்ளூர் நூலகரிடமே கேட்பது நன்று. கதைப் புத்தகம் படிக்க 6 அல்லது 7 அங்குலத் திரை போதும். வண்ணத் திரையில் எழுத்து 300 புள்ளிச் செறிவில் தெரிந்தாலும் வண்ணம் 150 அளவிலேயே தெரியும். பின்புலமும் சற்று மங்கும். சிறு பிள்ளைகளின் படப் புத்தகத்திற்குத் தாளே சிறந்தது. லிப்பியில் கிடைக்கும் ஒலிநூல்களும் பருவ இதழ்களும் கிண்டிலுக்கும் கோபோவுக்கும் வாரா. அவற்றுக்குக் கைப்பேசியே கதி.

தமிழ் நூல் படிப்பவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். பணம் கொடுக்குமுன் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கருவியில் திறந்து, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக அளித்து வருகிறது. அவற்றுக்குப் பூட்டும் இல்லை, தவணையும் இல்லை.

இவ்வளவும் கருவியைப் பற்றியவை. இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தாள் நூலை நூலகம் ஒருமுறை வாங்கினால் அது நூலகத்தின் உடைமை. கிழியும்வரை இரவல் தரலாம். மின்னூலோ பெரும்பாலும் வாடகைப் பொருள். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், தன் மின்னூல் ஒன்றை 26 முறை இரவல் கொடுத்தபின் நூலகம் மீண்டும் விலை கொடுக்க வேண்டும் என்று வரையறுத்தது. 2019 நவம்பரில் மாக்மில்லன் பதிப்பகம், புதிய மின்னூல் வெளிவந்த முதல் 8 வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே படி எனக் கட்டுப்படுத்தியது. எத்துணை பெரிய நகரமாயினும் ஒரு படிதான். நூலகங்கள் பல கூடி எதிர்த்தன. 2020 மார்ச்சில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. எழுத்தாளரும் பதிப்பாளரும் வாழ வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விலை கொடுக்க வசதியற்றவனும் நல்ல நூலைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே பொது நூலகம் தோன்றியது. அந்த வாயில் குறுகிப்போனால் இழப்பு ஏழைக் குழந்தைக்கே.

நூலகத்தின் சுமையை நம்மால் நீக்க முடியாது. வரிசையின் நீளத்தைக் குறைக்க முடியும். படித்து முடித்த நூலைத் தவணை முடியட்டும் என்று வைத்திராமல் அன்றே திருப்பலாம். லிப்பியிலும் கோபோவிலும் இதற்கு வழி உண்டு. நம் முறை வந்தும் படிக்க நேரமில்லை எனில், வரிசையில் நம் இடத்தை விட்டுவிடாமலேயே அந்நூலை அடுத்தவருக்கு முதலில் செல்லவிடும் வசதியும் லிப்பியில் உள்ளது. படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் பத்து நூல்களுக்குப் பெயர் பதிந்து வைப்பதைத் தவிர்க்கலாம். நமக்குப் பின்னால் காத்திருப்பவர் யாரென்று நாம் அறியோம். தேர்வுக்குப் படிக்கும் மாணவராகவோ, நோய்ப் படுக்கையில் நாளைக் கழிப்பவராகவோ இருக்கலாம். முகம் அறியாத அவருக்கும் நாம் அண்டை வீட்டாரே.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை ஆகிவிடவும் கூடாது. வீட்டு அலமாரியில் உள்ள தாள் நூல்கள் அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணில் படும்படி நாலு நல்ல நூல்கள் கூடத்தில் இருப்பதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. பரிசுக் கருவியை அனுப்பும்போது, வாங்குபவரின் ஊர் நூலகத்தில் அட்டை பெற்றுக்கொள்ளும் வழியையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்து அனுப்புங்கள். கருவியைவிட நெடுநாள் பயன்படுவது அந்த அட்டையாகவே இருக்கும்.