நிமிர்ந்து நின்றால் தப்பு தெரியாது!

போன மாதம் கண்டமங்கலத்தில் அக்கா வீட்டில் காதுகுத்து. அக்காவின் பேத்திக்கு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லிருந்தே ரயில் ஓடுகிற பாதை. ஆனால் நான் போனது பஸ்ஸில், அதுவும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே. போய் இறங்கும்போது நானே பதினைந்து டிகிரி சாய்ந்திருந்தேன்.

பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அக்காவின் மகன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது குத்துவது பாப்பாவுக்கா, இவனுக்கா என்று சந்தேகமே வந்துவிட்டது.

ஆசாரி குத்தினார். பாப்பா வீறிட்டது. தோடு ஏறியது.

''எங்க வேலையும் இதான் மாமா. முதல்ல இரும்புக்குக் காது குத்தணும். அப்புறம் அதுல கம்பியைக் கோக்கணும்'' என்றான், சிரிக்காமல்.

பந்தி முடிந்து திண்ணையில் உட்கார வைத்து விசாரித்தேன். அவன் புதுச்சேரி பக்கம் ஒரு டூல்ரூமில் ஒயர்கட் மெஷின் ஆபரேட்டர். அப்படியென்றால்?

அவித்த முட்டையை நம் வீட்டில் எப்படி இரண்டாக்குகிறார்கள்? கத்தி வைத்தால் மஞ்சள் கரு ஒட்டும். தையல் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து ஒரே அறு! அதேதான். நூலுக்குப் பதில் கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. முட்டைக்குப் பதில் இரும்புக் கட்டி. ஒரே வித்தியாசம், கம்பி இரும்பைத் தொடவே தொடாது. நடுவில் மயிரிழை இடைவெளி. அதில் உப்பெல்லாம் நீக்கிய சுத்தமான தண்ணீர். மின்சாரம் பாய்ந்ததும் நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள். ஒவ்வொரு பொறியும் இரும்பில் ஒரு துளியை உருக்கித் தள்ளும். கட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கவலையில்லை. கம்பியும் தேயும் என்பதால் ஒரு பக்கம் புதுக் கம்பி வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் பழசு பழைய பித்தளை விலைக்குப் போகும்.

இதற்கு மூலம் ரஷ்யாவில் ஒரு தம்பதி. போரிஸ் லாசரென்கோ, நடாலியா லாசரென்கோ. சுவிட்சுகளின் டங்ஸ்டன் முனை பொறியில் அரித்துப் போவதை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்தார்கள். தடுக்க முடியவில்லை. 'அரிக்கத்தானே செய்கிறது, அரிக்க விட்டே வேலை வாங்கலாமே' என்று 1943-ல் அதையே தொழில் முறையாக்கிவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி ஒரே விஷயத்தில் ஒத்துப்போனால் உலகத்துக்கு லாபம் என்பதற்கு இது ஒரு சாட்சி!

''இதுல உனக்கென்னடா கவலை?''

''சாய்வு மாமா.''

நேராக வெட்டுவது சுலபம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் கம்பி. சாய்வாக வெட்ட, மேல் கையைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட் அடியில் சிறுத்து மேலே அகன்றிருக்கிறதே, ஏன்? அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத்தான். பெரும்பாலான அச்சுகளுக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி போதும். நூறு மில்லிமீட்டர் உயரக் கட்டியில் ஒரு டிகிரிக்கு மேல் கை இரண்டு மில்லிமீட்டர்கூட நகர வேண்டாம். ஆனால் இவனுக்கு வந்த வேலை முப்பது டிகிரி! கிட்டத்தட்ட 58 மில்லிமீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது.

முதல் வில்லங்கம் தண்ணீர். மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் நேராகப் பீய்ச்சும். கம்பியோ சாய்ந்து போகும். நடுவில் உருகிய இரும்புத் துகள் போக வழியில்லாமல் சிக்கும். கம்பி பட்டென்று அறும். ஆகவே மின்சாரத்தைக் குறைத்து, கட்டியைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்து, மாட்டு வண்டி வேகத்தில் போக வேண்டும்.

இரண்டாவது, கம்பியின் குணம். நேர் வெட்டுக்கு விறைப்பான கம்பிதான் நல்லது. சாய்வில் அது பிடியின் வாயில் வளைய மாட்டேன் என்று முறைக்கும், முறுக்கிக்கொண்டு கோடு போடும். சாய்வுக்கு வளைந்து கொடுக்கிற மெத்தென்ற கம்பி வேண்டும். பிடியின் வாயும் உருண்டையாக இருக்க வேண்டும். நேர் வழியில் போகிறவன் விறைப்பாக இருக்கலாம், கோணல் வழியில் போகிறவன் வளைந்துதான் ஆகவேண்டும். இரும்புக்கும் இதுதான் விதி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவதில்தான் பையன் மாட்டினான். மேல் பிடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கீழ் பிடி எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அது சாய்வைக் கணக்குப் போடும். சாய்வு கூடக் கூட, பிடியின் வாயில் கம்பி வளைகிற இடமே கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் முதலில் ஒரு துண்டு இரும்பில் வெட்டிப் பார்த்து, அளந்து, திருத்திக்கொள்ள வேண்டும்.

இவன் வெட்டிப் பார்க்கவில்லை. காதுகுத்துக்கு லீவு வேண்டுமே என்ற அவசரம்.

''உயரத்துல பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர் தப்பு மாமா. ஒரு டிகிரி வேலைன்னா, வெட்டுல அது ஒரு தலைமுடியில நாப்பதுல ஒரு பங்குதான். யாருக்கும் தெரியாது. முப்பது டிகிரியில அதே தப்பு கிட்டத்தட்ட முழுசா ஒரு முடி. குழி பெருசாயிடுச்சு. உருகின பிளாஸ்டிக் அந்த இடுக்குல கசிஞ்சு, பொருளுக்கு மீசை முளைச்சிடும்.''

சட்டைத் துணியை நீளமாக வெட்டினால் குறைக்கலாம். குறைத்து வெட்டினால்? தையல்காரரைக் கேளுங்கள்.

கட்டி விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். தாய்மாமன் சீராகப் போட்ட தோட்டுக்கே கடன். முதலாளி இன்னும் அளக்கவில்லை.

''மெஷின்ல கோளாறுன்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன்.''

நான் எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். அன்று வாய் வரவில்லை. என் கடன் இல்லையே அது! ''நீ பாத்துக்கோ மாப்ளே'' என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஊர் வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை ராத்திரி போன்.

''சொல்லிட்டேன் மாமா. நான்தான் வெட்டிப் பாக்கலைன்னு.''

''என்ன சொன்னாரு?''

''ஒரு மணி நேரம் கத்தினாரு. அப்புறம் ஆபீஸ் கதவுகிட்ட கூட்டிட்டுப் போனாரு. கதவு சாத்தாம இருக்க அண்டக் குடுத்திருக்காரே ஒரு இரும்புக் கட்டி, தினம் அதுல கால் இடிச்சுக்குவோம். 'இது நான் ஆபரேட்டரா இருந்தப்ப வெட்டினது. இதே தப்பு. நான் மெஷின் மேல பழி போட்டேன். பக்கத்து ஷிப்ட்காரன் வேலை போச்சு'ன்னாரு.''

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

''சம்பளத்துல கை வைக்கலை மாமா. ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து புதுசா வெட்டிக் குடுக்கணும். முதல்ல துண்டுல வெட்டிக் காட்டிட்டுத்தான் கட்டியில கை வைக்கணுமாம்.''

''உன் கட்டி?''

''அதுவும் கதவுகிட்டதான். இன்னொரு கதவு இருக்கே!''